பயணத்துக்கு ஒரு பாக்கெட் கேமரா: யாருக்குத் தேவை, எது தேவை?

செல்போன் வந்ததும் காணாமல் போன சின்ன கேமராக்கள் திரும்பி வந்திருக்கின்றன. விலை மட்டும் பழைய விலை இல்லை. பெட்டி கட்டுமுன் எதை வாங்குவது, எதை விடுவது, வாங்காமலே இருந்துவிடலாமா?

காலை 7.10. மேட்டுப்பாளையத்திலிருந்து நீலகிரி மலை ரயில் கிளம்புகிறது. கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்தின் நடுவே பல்சட்டம் தொடங்குகிறது. நீராவி என்ஜின் பின்னாலிருந்து பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு மலை ஏறுகிறது. எந்த ஜன்னலைப் பார்த்தாலும் கைகள், கைகளில் செல்போன்கள். குகைக்குள் நுழைந்ததும் பெட்டி இருட்டாகிறது. குழந்தைகள் ‘ஓ’வென்று கத்துகிறார்கள். வெளியே வந்த அடுத்த நொடி பாலம், கீழே பள்ளம், எதிர்ச்சரிவில் ஓர் அருவி. போனைத் திறந்து, கேமராவைத் தொட்டு, இரு விரலால் அருவியைப் பெரிதாக்குவதற்குள் மரங்கள் வந்து மறைத்துவிடுகின்றன.

ஹில்குரோவில் என்ஜின் தண்ணீர் பிடிக்க நிற்கிறது. எல்லோரும் இறங்கிக் கால் நீட்டுகிறார்கள். கைப்பிடிச் சுவரில் குரங்குகள் காத்திருக்கின்றன. கல்லூரி மாணவி ஒருத்தியின் மணிக்கட்டில், வீட்டு அலமாரியில் வெகுகாலம் கிடந்த வெள்ளி நிற டிஜிட்டல் கேமரா தொங்குகிறது. தோழிகளை வரிசையாக நிற்கவைத்து, பட்டப்பகலிலும் ஃப்ளாஷ் போட்டு எடுத்துத் தள்ளுகிறாள். சற்றுத் தள்ளி, தலை நரைத்த ஒருவர் சட்டைப்பையிலிருந்து கறுப்பு நிறத்தில் ஒரு சின்ன கேமராவை எடுக்கிறார். கரி படிந்த சக்கரத்துக்கு எண்ணெய் விடும் ஊழியரின் கையை ஒரே ஒரு படம் எடுத்துவிட்டு, கேமராவை மீண்டும் பைக்குள் போடுகிறார். இருவரிடமும் நல்ல செல்போன் இருக்கிறது. ஆனாலும் கேமரா கொண்டுவந்திருக்கிறார்கள்.

இந்தக் காட்சியை இப்போது ஹம்பியிலும் பார்க்கலாம், காசியின் படித்துறைகளிலும் பார்க்கலாம். ‘எந்த கேமரா வாங்கலாம்?’ என்பது குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் மறுபடியும் கேட்கப்படும் கேள்வியாகிவிட்டது.

சரிந்தது எப்படி, எழுந்தது எப்படி?

ஜப்பானியக் கேமரா உற்பத்தியாளர் சங்கமான ‘சிபா’வின் கணக்குப்படி, 2010-ல் உலகச் சந்தைக்கு 12 கோடிக்கும் அதிகமான டிஜிட்டல் கேமராக்கள் அனுப்பப்பட்டன. அவற்றில் பத்துக்கு ஒன்பது, லென்ஸைக் கழற்ற முடியாத சின்ன கேமராக்கள். கல்யாணத்துக்கும் சுற்றுலாவுக்கும் வீட்டுக்கு ஒன்று இருந்த காலம் அது. 2023-ல் அந்தச் சின்ன கேமராக்களின் எண்ணிக்கை 20 லட்சத்துக்கும் கீழே போனது. இடைப்பட்ட ஆண்டுகளில் அந்த இடத்தை செல்போன் எடுத்துக்கொண்டது. நிறுவனங்கள் மலிவு மாடல்களை ஒவ்வொன்றாக நிறுத்தின. லாபம் தரும் விலை உயர்ந்த சில மாடல்கள் மட்டும் மிஞ்சின.

அப்போதுதான் சமூக ஊடகங்களில் இளைஞர்களின் ரசனை திரும்பியது. 2020-ல் வந்த ஃபியூஜிஃபிலிம் எக்ஸ்100 வரிசையின் ஐந்தாவது மாடல், டிக்டாக் காணொளிகளால் புகழ்பெற்று உலகெங்கும் கடைகளில் கிடைக்காமல் போனது. 2024 பிப்ரவரியில் ஆறாவது மாடல் அமெரிக்காவில் 1,599 டாலருக்கு அறிமுகமானது. அதற்கும் காத்திருப்புப் பட்டியல். கேனான் ஜி7 எக்ஸ் மார்க் 3 வெளிவந்தது 2019-ல். பொதுவாக, பழைய மின்னணுச் சாதனத்தின் விலை ஆண்டுக்கு ஆண்டு இறங்கும். இந்த கேமராவின் விலை இறங்கவில்லை. பல ஆண்டுச் சரிவுக்குப் பிறகு 2024-ல் சின்ன கேமராக்களின் எண்ணிக்கை சற்றே ஏறியது.

வாங்குபவருக்கு இதன் விளைவு நேரடியானது. தேவை கூடிவிட்டது, மாடல்கள் குறைந்துவிட்டன. ஆகவே தவறான தேர்வு இப்போது பர்ஸைப் பலமாகக் கடிக்கும். ‘எல்லோரும் வாங்குகிறார்கள்’ என்பது ஒரு லட்ச ரூபாய்க்குப் போதுமான காரணம் இல்லை.

பெட்டிச் செய்தி: நெய்யூர் மருத்துவரின் கேமரா

பயணத்துக்கென்று சட்டைப்பையில் கேமரா வைத்துக்கொள்ளும் பழக்கம் நூறாண்டு தாண்டியது. 1912-ல் கோடக் நிறுவனம் ‘வெஸ்ட் பாக்கெட் கோடக்’ என்ற மடக்கு கேமராவைக் கொண்டுவந்தது. முதல் உலகப்போரில் சிப்பாய்கள் அதை எடுத்துச் சென்றார்கள்.

1924-ல் எவரெஸ்ட் ஏறச் சென்ற குழுவில் ஹோவர்ட் சோமர்வெல் என்ற அறுவை மருத்துவர் இருந்தார். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் நெடுங்காலம் பணியாற்றியவர் அவர். உச்சியை நோக்கிக் கிளம்பிய ஜார்ஜ் மல்லோரிக்குத் தன் வெஸ்ட் பாக்கெட் கோடக்கை அவர் கொடுத்து அனுப்பினார். ஜூன் 8-ம் தேதி மல்லோரியும் ஆண்ட்ரூ இர்வினும் மலையில் மறைந்துபோனார்கள். மல்லோரியின் உடல் 1999-ல் கிடைத்தது. இர்வினுடையது எனக் கருதப்படும் காலணியும் பாதமும் 2024-ல் கிடைத்தன. கேமரா இதுவரை கிடைக்கவில்லை. அவர்கள் உச்சியைத் தொட்டார்களா என்ற கேள்விக்கு விடை அந்தப் படச்சுருளில் இருக்கக்கூடும் என்று மலையேறிகள் இன்னும் நம்புகிறார்கள்.

முதல் வேலை கடையில் இல்லை, உங்கள் போனில்

கடைக்குப் போகுமுன் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கடந்த பயணத்தில் போனில் எடுத்த படங்களைத் திறந்து, பிடிக்காதவற்றை மட்டும் தனியே பிரித்து வையுங்கள். ஏன் பிடிக்கவில்லை என்று ஒவ்வொன்றையும் பாருங்கள். எடுக்க நினைத்து விட்டுப்போன படங்களையும் நினைத்துப் பாருங்கள். பெரும்பாலும் நான்கு காரணங்களில் ஒன்றுதான் இருக்கும்: வெளிச்சம் போதவில்லை, தூரம் அதிகம், மழைக்கும் மணலுக்கும் பயந்து வெளியே எடுக்கவே இல்லை, எடுப்பதற்குள் கணம் போய்விட்டது.

காரணத்தின்படி பிரித்தால் எந்தக் குவியல் பெரிதோ, அதற்குத்தான் உங்களுக்கு கேமரா தேவை. நான்குக்கும் ஒரே பாக்கெட் கேமரா விடை ஆகாது. சென்சார் பெரிதானால் லென்ஸும் பெரிதாகும். ஜூம் நீண்டால் சென்சாரைச் சிறிதாக்க வேண்டும். தண்ணீர் புகாதபடி மூடினால் இரண்டிலும் சமரசம் வரும். இது ஒளியியலின் கட்டுப்பாடு. விளம்பரங்கள் இதைச் சொல்வதில்லை. அதனால் ஒவ்வொரு குவியலாகப் பார்ப்போம்.

இருட்டு: மெகாபிக்சலை மறந்துவிடுங்கள்

நல்ல வெயிலில் எடுத்த படத்தை போன் திரையில் பார்த்தால், எது செல்போன் படம், எது கேமரா படம் என்று பிரிப்பது கடினம். வித்தியாசம் பொழுது சாய்ந்த பிறகு தெரியும். காசியில் கங்கை ஆரத்தி, திருவண்ணாமலையில் தீபத்தன்று கிரிவலப் பாதை, விளக்கு வெளிச்சத்தில் ஒரு பிராகாரம் ஆகியவற்றை நினைத்துப் பாருங்கள். செல்போன் அடுத்தடுத்துப் பல படங்களை எடுத்து, அவற்றைச் சேர்த்து ஒரே படமாக்குகிறது. கோபுரம் அசையாது என்பதால் தெளிவாக வரும். நடந்து செல்லும் மனிதர்களின் முகமோ மெழுகு பூசியதாகவோ இழுபட்டதாகவோ வரும்.

இதைத் தீர்ப்பது சென்சாரின் பரப்பளவு. பழைய மலிவு டிஜிட்டல் கேமராக்களின் சென்சார் சுமார் 28 சதுர மில்லிமீட்டர். ‘1 அங்குல’ வகை சென்சார் சுமார் 116. ஏபிஎஸ்-சி வகை சுமார் 370. பரப்பு கூடக் கூட, அதே நேரத்தில் சேரும் ஒளியும் கூடும். 20 மெகாபிக்சலா 40 மெகாபிக்சலா என்பது இதற்குப் பிறகு வரும் கேள்வி.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். இன்றைய விலை உயர்ந்த செல்போன்களின் முதன்மை சென்சார் 70 சதுர மில்லிமீட்டர் அளவுக்கு வந்துவிட்டது. ஷியோமி, விவோ நிறுவனங்களின் சில உச்ச மாடல்களில் 1 அங்குல வகையே இருக்கிறது. அப்படிப்பட்ட போன் வைத்திருப்பவர், இருட்டுக்காக மட்டும் 1 அங்குல கேமரா வாங்கினால் ஏமாற்றமே மிஞ்சும். அவர் ஏபிஎஸ்-சி கேமராவுக்குத்தான் போக வேண்டும். நடுத்தர விலை போன் வைத்திருப்பவருக்கு 1 அங்குல வகையே பெரிய தாவல்.

லென்ஸைச் சுற்றி அச்சிட்டிருக்கும் எண்களையும் படியுங்கள். ‘1.8 - 4.9’ என்று இருந்தால், ஜூம் செய்யாதபோது 1.8, முழு ஜூமில் 4.9 என்று பொருள். இரண்டாவது நிலையில் சென்சாரை அடையும் ஒளி ஏழில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். விற்பனையாளர் முதல் எண்ணைத்தான் சொல்வார். மாலையில் ஜூம் செய்து எடுப்பவருக்கு முக்கியம் இரண்டாவது எண்.

அப்படியானால், 28 சதுர மில்லிமீட்டர் சென்சார் கேமரா வைத்திருந்த, மலை ரயிலில் வந்த அந்தக் கல்லூரி மாணவியின் படங்கள் ஏன் அழகாக இருக்கின்றன? காரணம் ஃப்ளாஷ். செல்போனில் இருப்பது எல்இடி விளக்கு. அதன் வெளிச்சம் கொஞ்சம், எரியும் நேரம் அதிகம். பழைய கேமராவில் இருப்பது செனான் குழாய். கண் சிமிட்டும் நேரத்தில் மிகச் சிறிய துண்டுக்குள் பெரும் வெளிச்சத்தைக் கொட்டி, சிரிப்பை அப்படியே உறையவைக்கிறது. பின்னணி இருண்டு, முகம் முன்னே வருகிறது. நண்பர்களைத்தான் அதிகம் எடுப்பேன் என்பவருக்கு அலமாரியில் கிடக்கும் பழைய கேமராவே போதும். புதிதாக எதுவும் வாங்க வேண்டாம்.

தூரம்: யானையும் விமானமும்

முதுமலையில் 30 மீட்டர் தொலைவில் ஒரு யானை நிற்கிறது. செல்போனின் முதன்மை லென்ஸ் சுமார் 24 மி.மீ. அந்தத் தூரத்தில் அதன் சட்டகத்துக்குள் 45 மீட்டர் அகலக் காடு அடங்கும். யானை அதில் ஏழு, எட்டில் ஒரு பங்கு. 200 மி.மீ. வரை போகும் ஜூம் லென்ஸில் அந்த அகலம் ஐந்தரை மீட்டருக்குச் சுருங்கி, யானை சட்டகத்தை நிறைத்து நிற்கும். போனில் விரலால் பெரிதாக்குவது, எடுத்த படத்தை வெட்டிப் பெரிதாக்குவதற்கு ஒப்பானது. தனி டெலிஃபோட்டோ லென்ஸ் உள்ள போன்கள் பரவாயில்லை. ஆனால் அந்த லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் சென்சார் பெரும்பாலும் சிறியது. காட்டில் யானைகள் வெளியே வரும் வெளிச்சம் குறைந்த நேரத்தில் அது திணறும்.

சோனி ஆர்எக்ஸ்100 ஏழாம் மாடல் இந்தத் தேவைக்காகவே செய்யப்பட்டது: 24 முதல் 200 மி.மீ., 1 அங்குல சென்சார், எடை சுமார் 300 கிராம். அதைவிட நீண்ட ஜூம் வேண்டுமென்றால் 2025-ல் வந்த பானாசோனிக் டிஇசட்99 இருக்கிறது. 30 மடங்கு ஜூம். ஆனால் சென்சார் சிறியது என்பதால் பகல் வெளிச்சத்துக்கான கேமரா அது. வேடந்தாங்கலில் பறவைகளைச் சிறகு சிறகாக எடுக்க விரும்புகிறவர்களுக்குப் பாக்கெட் கேமரா எதுவும் சரிவராது. அவர்கள் பெரிய கேமராவுக்குப் போகலாம், அல்லது ஒரு நல்ல பைனாகுலரோடு பறவைகளைப் பார்த்து மகிழலாம்.

தூரத்தின் மறுபக்கம் அகலம். தஞ்சைப் பெரிய கோயிலின் விமானம் சுமார் 216 அடி உயரம். 40 மீட்டர் தள்ளி நின்று கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தால், 28 மி.மீ. லென்ஸில் உச்சிவரை அடங்கும். 35 மி.மீ. லென்ஸில் கலசம் வெட்டுப்படும். ஜூம் இல்லாத, ஒரே கோண லென்ஸ் உள்ள கேமரா வாங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கோயில், அரண்மனை, குறுகிய தெரு என்றால் 28. மனிதர்களும் சாப்பாடும் கடைத்தெருவும் என்றால் 35 அல்லது 40.

தண்ணீர், மணல், தூசி

தனுஷ்கோடி அரிச்சல்முனையில் ஒரு மணி நேரம் நின்றால் உதட்டில் உப்பு ஒட்டும். அந்தக் காற்றில் மணலும் உண்டு. கேமராவை அணைத்ததும் லென்ஸ் உள்ளே இழுத்துக்கொள்ளும் மாடல்களுக்கு இதுதான் முதல் எதிரி. லென்ஸ் குழல் ஒவ்வொரு முறை நீண்டு சுருங்கும்போதும் வெளிக்காற்றும் அதோடு தூசியும் உள்ளே போகும். குழல் சிக்கிக்கொண்டால் கேமரா திறக்காது. சென்சாரில் தூசி படிந்தால் ஒவ்வொரு வானத்திலும் ஒரு கறுப்புப் புள்ளி வரும். இத்தகைய கேமராவின் உட்பகுதியை நாமே துடைக்க முடியாது. சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டும்.

குற்றால அருவி, மூணாறு மழை, அந்தமானின் பவளப்பாறை இவைதான் உங்கள் பயணம் என்றால் ஓஎம் சிஸ்டம் டிஜி-7 வகையைப் பாருங்கள். 15 மீட்டர் ஆழம்வரை தாங்கும். ஜூம் உடலுக்குள்ளேயே நகர்வதால் வெளியே நீளும் குழல் இல்லை. சின்னப் பூச்சியையும் பூவையும் மிக நெருக்கத்தில் எடுக்கும் திறமை கூடுதல் பலன். இருட்டில் மட்டும் எதிர்பார்க்காதீர்கள், சென்சார் சிறியது. கடலில் இறங்கிய பிறகு நல்ல தண்ணீரில் அலசுவதும், பேட்டரி மூடியின் ரப்பரில் ஒரு முடிகூட இல்லாமல் பார்ப்பதும் உங்கள் பொறுப்பு.

போனும் நீர் புகாததுதானே என்று கேட்கலாம். அந்தச் சோதனை ஆய்வகத்தில் நன்னீரில் நடந்தது. டிக்கெட், வங்கிக் கணக்கு, அம்மாவின் எண் எல்லாம் இருக்கும் கருவியைக் கடலில் இறக்குவது தேவையில்லாத துணிச்சல்.

நழுவிப்போன கணம்

நான்காவது குவியல்தான் பயணத்தில் மிகப் பெரியது. அதைக் கடையில் யாரும் பேசுவதில்லை. கேமரா எத்தனை நொடியில் விழிக்கிறது? ஒரு கையால் எடுத்து, இயக்கி, எடுக்க முடிகிறதா? உச்சி வெயிலில் திரை தெரியாதபோது கண் வைத்துப் பார்க்க வியூஃபைண்டர் இருக்கிறதா?

ஜப்பானியத் தெருப் புகைப்படக் கலைஞர் டைடோ மொரியாமா நெடுங்காலமாக ரிக்கோ ஜிஆர் வரிசையைக் கையாள்வதற்குக் காரணம் இந்த வேகம்தான். தூரத்தை முன்கூட்டியே நிர்ணயித்து வைத்துவிடலாம். பொத்தானை அழுத்தினால், ஃபோகஸுக்குக் காத்திராமல் படம் விழும். 2025-ல் வந்த ஜிஆர் 4 மாடல் 262 கிராம்தான். ஏபிஎஸ்-சி சென்சாரை உண்மையிலேயே சட்டைப்பைக்குள் வைக்கும் கேமராக்கள் மிகச் சில, அவற்றில் இது ஒன்று. ஆனால் ஜூம் இல்லை, வியூஃபைண்டர் இல்லை, ஃப்ளாஷும் இல்லை. முந்தைய ஜிஆர் 3 ஒரு பேட்டரிக்கு 200 படங்கள்தான் தந்தது. உபரி பேட்டரி இல்லாமல் இந்த வரிசையோடு பயணம் போகக் கூடாது.

ஃபியூஜி எக்ஸ்100 வரிசையில் வியூஃபைண்டர் உண்டு, ஃப்ளாஷ் உண்டு, வண்ணமும் அழகு. ஆறாம் மாடலின் எடை 521 கிராம். தோளில் தொங்கும், சட்டைப்பையில் அடங்காது. பாக்கெட் கேமரா தேடுபவர் இதை வாங்கினால், நடுவழியில் அது பெட்டிக்குள் போய்விடும். கடைக்குச் செல்லும்போது பயணத்தில் அணியும் அதே சட்டையை அணிந்து போங்கள். பைக்குள் வைத்து, குனிந்து நிமிர்ந்து பாருங்கள். எந்த மதிப்பாய்வும் சொல்லாததை அந்தச் சோதனை சொல்லிவிடும்.

இன்னொரு லாபம் பயணம் போய் வந்தவர்களுக்குத்தான் தெரியும். வழிகாட்டும் வரைபடம், ரயில் டிக்கெட், யுபிஐ எல்லாம் போனில் இருக்கின்றன. படம் எடுத்தே பேட்டரி தீர்ந்தால், தெரியாத ஊரில் ஆட்டோவுக்குக் காசு கொடுக்கக்கூட வழியிருக்காது. தனி கேமரா அந்தச் சுமையைப் பிரித்துக்கொள்கிறது. அலுவலக அழைப்பும் குழுச் செய்தியும் அதில் வராது. எடுப்பவரின் கவனம் எதிரில் இருப்பதன் மேலேயே நிற்கிறது.

பெட்டிச் செய்தி: எந்தப் பயணிக்கு எது?

● நண்பர்கள், குடும்பம், கொண்டாட்டம்: வீட்டில் கிடக்கும் பழைய டிஜிட்டல் கேமரா. இல்லாவிட்டால் கோடக் பிக்ஸ்ப்ரோ எஃப்இசட்55 போன்ற எளிய மாடல்.
● கோயில், நகரம், தெரு, இரவு: ரிக்கோ ஜிஆர் 4 (28 மி.மீ.) அல்லது ஜிஆர் 3எக்ஸ் (40 மி.மீ.).
● ஒரே கேமராவில் அகலமும் தூரமும்: சோனி ஆர்எக்ஸ்100 ஏழாம் மாடல்.
● படமும் காணொளியும் சரிபாதி: கேனான் ஜி7 எக்ஸ் மார்க் 3. சற்று எடை பரவாயில்லை என்றால் 2025-ல் வந்த கேனான் பவர்ஷாட் வி1. இதில் 16 மி.மீ. அகலக் கோணமும், நீண்ட காணொளியில் சூடாகாமல் இருக்க உள்ளே விசிறியும் உண்டு.
● கடல், அருவி, மழை: ஓஎம் சிஸ்டம் டிஜி-7.
● மெதுவாக நின்று, ரசித்து எடுப்பவர்: ஃபியூஜிஃபிலிம் எக்ஸ்100 ஆறாம் மாடல், தோள்வாரோடு.

புதிதா, பழசா?

டிஜிட்டல் கேமராக்களுக்கான ஜிஎஸ்டி 28 சதவிகிதத்திலிருந்து 18 சதவிகிதமாக 2019 ஜனவரியில் குறைந்தது. அந்தச் சலுகையை இன்றைய விலையேற்றம் எப்போதோ விழுங்கிவிட்டது. அதனால் பலர் செகண்ட் ஹேண்ட் சந்தைக்குப் போகிறார்கள். அங்கே பத்தாண்டுக்கு முந்தைய நல்ல 1 அங்குல கேமராக்கள் கிடைக்கின்றன. 2012-ல் வந்த முதல் ஆர்எக்ஸ்100 இன்றும் நல்ல படம் தரும்.

ஆனால் பழைய கேமரா என்றாலே நல்லது என்ற எண்ணம் பரவியிருப்பது கவலைக்குரியது. பழைய சிசிடி சென்சாருக்குத் தனி மாயம் இருப்பதாகச் சொல்லி விலையை ஏற்றுகிறார்கள். அந்த வண்ணத்துக்குப் பெரும்பங்கு காரணம், அக்கால கேமராக்கள் படத்தைப் பதப்படுத்திய விதமும் ஃப்ளாஷும்தான். சில நூறு ரூபாய்க்குத் தூக்கிப்போட்ட கேமராவை ‘வின்டேஜ்’ என்ற பெயருக்காகப் பல ஆயிரம் கொடுத்து வாங்காதீர்கள்.

ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் 28 முதல் அங்கு விற்கும் டிஜிட்டல் கேமராக்களுக்கு யுஎஸ்பி-சி சார்ஜ் வசதியைக் கட்டாயமாக்கியது. புதிய மாடல்களில் அது வந்துவிட்டது. பயணத்தில் ஒரே சார்ஜர் போதும் என்பது சிறிய வசதி அல்ல. பழைய கையிருப்பை வாங்கினால் எந்த இணைப்பு என்று பார்த்து வாங்குங்கள்.

பெட்டிச் செய்தி: பழைய கேமராவைக் கையில் வாங்கியதும்

● பத்து முறை இயக்கி அணையுங்கள். லென்ஸ் குழல் ஒரே சீராக நீண்டு சுருங்க வேண்டும், அரைபடும் ஓசை கூடாது.
● வெள்ளைச் சுவரையும் வானத்தையும் முழு ஜூமில் எடுத்துப் பாருங்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் புள்ளி வந்தால் சென்சாரில் தூசி.
● எந்த மெமரி கார்டு? எக்ஸ்டி கார்டு, மெமரி ஸ்டிக் என்றால் புதிய கார்டு கிடைப்பது கடினம். 2006-க்கு முந்தைய பல கேமராக்கள் 2 ஜிபிக்கு மேற்பட்ட எஸ்டி கார்டைப் படிக்காது.
● பேட்டரி உப்பியிருந்தால் தொடவே வேண்டாம். மாற்று பேட்டரி சந்தையில் கிடைக்கிறதா என்று முதலில் உறுதிசெய்யுங்கள்.
● சார்ஜரும் பில்லும் கேட்டு வாங்குங்கள். பில் இல்லாதது திருட்டுப் பொருளாக இருக்கலாம்.

சின்ன கேமராவின் பெரிய உரிமையும் பொறுப்பும்

தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள நினைவுச் சின்னங்களில் முக்காலி பயன்படுத்த முன் அனுமதி வேண்டும். அதனால் கையில் பிடித்தபடியே நடுங்காமல் எடுக்க உதவும் அசைவு நிலைப்படுத்தி, இந்தியப் பயணிக்கு அவசியம். மாமல்லபுரமும் தாராசுரமும் போகிறவர் இந்த வசதி இல்லாத கேமராவை வாங்கக் கூடாது.

மதுரை மீனாட்சி அம்மன் கோயிலில் 2018 முதல் செல்போனுக்கே தடை. தமிழகக் கோயில்களுக்குள் செல்போனைத் தடைசெய்யுமாறு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டது. பைக்குள் அடங்கும் கேமரா என்பதற்காக மறைத்து எடுத்துச் செல்வது பக்தர்களையும் விதியையும் அவமதிப்பது. அனுமதி உள்ள இடத்திலும் சுவரோவியத்தின் முன் ஃப்ளாஷை அணைத்துவிடுங்கள்.

மனிதர்களுக்கும் இது பொருந்தும். பெரிய லென்ஸை நீட்டினால் முகம் இறுகும் ஒருவர், சின்ன கேமராவின் முன் இயல்பாக இருப்பார். அந்த இயல்பு அவர் நமக்குத் தரும் நம்பிக்கை. கேட்டு எடுங்கள், எடுத்ததைக் காட்டுங்கள். நாற்று நடும் பெண்ணும் சந்தையில் காய் விற்கும் பாட்டியும் நம் சுற்றுலாவின் அலங்காரப் பொருட்கள் இல்லை.

பெட்டிச் செய்தி: கிளம்புமுன்

● உபரி லித்தியம் பேட்டரிகளை விமானத்தில் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும். லக்கேஜில் போடக் கூடாது.
● விலை உயர்ந்த கேமராவோடு வெளிநாடு போகிறவர்கள், விமான நிலையச் சுங்க அலுவலகத்தில் ஏற்றுமதிச் சான்றிதழ் பெற்றுச் செல்லலாம். திரும்பும்போது ‘அங்கே வாங்கியதா?’ என்ற கேள்வி எழாது.
● வெளிநாட்டில் வாங்குகிறவர்கள், உத்தரவாதம் இந்தியாவில் செல்லுமா என்று கேளுங்கள். வரியில்லாமல் கொண்டுவரும் வரம்பையும் பாருங்கள்.
● கேமராவின் கடிகாரத்தைப் போனோடு ஒப்பிட்டுச் சரிசெய்யுங்கள். இல்லையென்றால் இரண்டிலும் எடுத்த படங்கள் வரிசை மாறிக் கலந்துவிடும்.
● வனத்துறை இடங்கள் பலவற்றில் கேமராவுக்குத் தனிக் கட்டணம் உண்டு. சின்ன கேமராவும் கேமராதான்.

எடுத்த பிறகு என்ன?

போன் படங்கள் தாமாகவே இணையச் சேமிப்புக்குப் போய்விடும். கேமராப் படங்கள் மெமரி கார்டிலேயே இருக்கும். கார்டு தொலைந்தால் பயணமே தொலைந்த மாதிரி. ஒவ்வோர் இரவும் தங்கும் அறையில் போனுக்கோ வேறு கார்டுக்கோ நகல் எடுப்பதை, பல் துலக்குவதற்கு முன்பே செய்துவிடுங்கள். ஒரு சின்ன யுஎஸ்பி-சி கார்டு ரீடர் போதும்.

திரும்பி வந்ததும் இருபது படங்களைத் தேர்ந்தெடுத்து 4-க்கு 6 அளவில் பிரிண்ட் போடுங்கள். நம் வீடுகளில் தாத்தா, பாட்டியின் திருப்பதிப் படமும் கன்னியாகுமரிப் படமும் இன்றும் இருப்பதற்குக் காரணம், அவை காகிதத்தில் இருந்ததுதான். போன ஆண்டு எடுத்த ஆயிரம் படங்களில் எத்தனையை நாம் மறுபடி பார்த்தோம்? தேர்ந்தெடுக்கும் அந்த வேலை, அடுத்த பயணத்தில் நம்மை இன்னும் நல்ல படம் எடுக்கவைக்கும்.

நம் பரிந்துரை

போனில் படங்களைப் பிரித்துப் பார்த்தபோது நான்கு குவியல்களும் சின்னதாகவே இருந்தால், கேமரா வாங்காதீர்கள். அந்தப் பணத்தில் இன்னொரு பயணம் போகலாம், வீட்டுப் பெரியவர்களையும் அழைத்துச் செல்லலாம். அது எந்த லென்ஸையும்விட நல்ல முதலீடு.

ஒரு குவியல் தெளிவாக உயர்ந்து நின்றால், அதற்கான கேமராவைத் தயங்காமல் வாங்குங்கள். பயணத்துக்கு முந்தைய நாள் வாங்காதீர்கள். ஒரு மாதம் முன்பே வாங்கி, உங்கள் தெருவிலும் மார்க்கெட்டிலும் பேருந்து நிலையத்திலும் தினமும் எடுத்துப் பழகுங்கள். திரையைப் பார்க்காமலே விரல் பொத்தானைத் தேடிப் போகும்வரை பழகுங்கள். பாக்கெட் கேமராவின் விலையில் பாதியைப் பணமாகக் கொடுக்கிறோம். மறுபாதி இந்தப் பழக்கம். அதைக் கொடுக்காதவருக்கு எந்த மாடலும் பலன் தராது. கொடுத்தவருக்குப் பத்தாண்டுப் பழைய கேமராவும் போதும்.